வீட்டில மட்டும் வாற தலையிடி

பிள்ளை, தலையிடியோ? ரெண்டு கையாலயும் நெத்தியை அமத்திக்கொண்டு இருக்கிறீங்கள், பாக்கக் கஷ்டமாக் கிடக்கு. பொறுங்கோ, இந்தப் பையை மடியில தூக்கி வைக்கிறன், வடிவா இருங்கோ. தமிழ்ப் பிள்ளைதானே? பொட்டைப் பாத்தன், அதுதான் கதை குடுத்தனான். குறை நினைக்காதேங்கோ, ஒரு கேள்வி. இந்தத் தலையிடி வெளியிலயும் வாறதோ, வீட்டில மட்டும் வாறதோ?

வேலையிலயும் வரும். பஸ்ஸிலயும் வரும் எண்டுறீங்கள். அப்ப பறவாயில்லை. அது கண்ணாடி மாத்தவேண்டிய தலையிடி, இல்லாட்டி நித்திரை காணாது. வீட்டில மட்டும் வாறதெண்டால்தான் பிள்ளை கவனம். என்ன இந்த மனுசி விசர்க்கதை கதைக்குது எண்டு பாக்கிறீங்கள். என்ர மருமகளுக்கு வீட்டில மட்டும்தான் வந்தது. அதுதான் கேட்டனான்.

நீங்கள் எவடத்தில இறங்குறனீங்கள்? ஸ்டீல்ஸ் றோட்டுக் கடந்தோ? அப்ப நேரம் கிடக்கு. நான் கோயிலுக்கு அங்கால மூண்டாவது ஸ்டொப். இறங்கினால்.

எங்கட வீட்டு ஹோலில ஒரு ஃபயர்பிளேஸ் இருந்தது. காஸில எரியிறது. தொண்ணூற்றெட்டில வீடு வாங்கேக்க வீட்டோட வந்தது. மஞ்சள் பித்தளைச் சட்டம், கண்ணாடிக் கதவு, உள்ளுக்கு விறகு மாதிரிச் செய்து அடுக்கின கல்லு. சுவிச்சைப் போட்டால் டப் எண்டு பத்தும். அதுக்கு முன்னம் ஆறு வருஷம் ஆற்றையோ வீட்டுப் பேஸ்மென்ற்றில இருந்தனாங்கள் பிள்ளை. வீட்டுக்காரன் ஹீட்டைக் கூட்டவே விடமாட்டான். என்ர மகன் தீபனைக் கம்பளியால சுத்தி மடியில வச்சுக்கொண்டு விடிய விடிய இருந்திருக்கிறன். வீடு பாக்கப் போன அண்டைக்கு இந்த நெருப்பைக் கண்டன், இவரிட்டைச் சொல்லிப்போட்டன், குசினி சின்னனா இருந்தாலும் பறவாயில்லை, இந்த வீட்டையே வாங்குவம் எண்டு. இவர் எண்டால் என்ர மனுசன், நவரத்தினம். அவர் கூரையைப் பாத்தார், நான் நெருப்பைப் பாத்தன்.

அதுக்கு மேல ஒரு தட்டு. வெள்ளைக்காரர் அதில படமும் பூச்சாடியும் வைப்பினம். நான் பிள்ளையாரையும் முருகனையும் வச்சன். வேற எங்க வைக்கிறது, வீட்டில சூடான இடம் அதுதானே. வெள்ளிக்கிழமை பின்னேரம் அதுக்கு முன்னால நிண்டு விளக்குக் கொழுத்தி, தேவாரம் படிச்சு, சாம்பிராணி காட்டுவன். சுவரில ஒரு அலாம் கிடந்தது, புகை கண்டால் கத்திற சாமான். காஸ் புகைக்கும் அதுதான் கத்தும் எண்டு எனக்கு அப்ப தெரியாது. சாம்பிராணி காட்டினவுடன அது கத்தும். தேவாரம் பாதியில நிக்கும். இவர் துவாயை எடுத்துக்கொண்டு ஓடிவந்து கீழ நிண்டு விசுக்குவார். சாமி கும்பிடுறதோ, கோழி கலைக்கிறதோ எண்டு இருக்கும். அந்த அரியண்டம் பொறுக்காமல் வெள்ளிக்கிழமையில பற்றறியைக் கழட்டி மேசை லாச்சிக்குள்ள போட்டிட்டு, சனிக்கிழமை திருப்பிப் போடுறது. பேந்து பேந்து பஞ்சியாப் போச்சு. கழட்டினது கழட்டினபடி லாச்சிக்குள்ளயே கிடந்தது.

உங்கட வீட்டிலயும் கழட்டுறனீங்களோ? சிரிக்கிறீங்கள். கழட்டுறனீங்கள்தான். எங்கட சனத்தில பாதி வீட்டில அது லாச்சிக்குள்ளதான் கிடக்கும், எனக்குத் தெரியும்.

போன வருஷம் ஆவணியில தீபனுக்குக் கலியாணம். பெட்டை இஞ்ச பிறந்து வளந்தது, மிதுனா. நல்ல வடிவு, நல்ல படிப்பு. ஒண்டும் குறை சொல்ல ஏலாது எண்டு கலியாண வீட்டில எல்லாருக்கும் சொன்னன். வந்த கையோட பிள்ளையும் தங்கிட்டுது. எனக்குச் சந்தோசம் பிள்ளை, பொய் சொல்லக்கூடாது, சரியான சந்தோசம். அவளுக்கு வீட்டில இருந்துதான் வேலை. ஹோலில, ஃபயர்பிளேஸுக்குப் பக்கத்தில ஒரு சின்ன மேசை போட்டுக் கம்பியூட்டரை வச்சுக்கொண்டு இருப்பாள். கிழமையில ரெண்டு நாள் மட்டும் கந்தோருக்குப் போவாள்.

ஐப்பசியில குளிர் தொடங்க நான் நெருப்பைப் போட்டன். போட்டால் நிப்பாட்டுறேல்லை. கறிவேப்பிலைக் கண்டு ஒண்டு வச்சிருக்கிறன், பன்ரெண்டு வருஷக் கண்டு, அதுக்குக் குளிர் ஆகாது. அதையும் நெருப்புக்கு முன்னால கொண்டுவந்து வச்சன். அந்தக் கிழமையே அவள் தொடங்கிட்டாள். மாமி, தலை இடிக்குது. மாமி, சத்தி வருது. மாமி, கொஞ்சம் படுக்கப்போறன்.

முதல்ல நான் ஒண்டும் நினைக்கேல்லை. பிள்ளை வயித்தில, மசக்கை, வரும்தானே. அவளின்ர டொக்டரும் அப்பிடித்தான் சொன்னவவாம். ஆனால் நான் ஒண்டைக் கவனிச்சன். கந்தோருக்குப் போற ரெண்டு நாளும் தலையிடி இல்லை. சிரிச்சுக்கொண்டு வருவாள். வந்து ஒரு மணித்தியாலம் ஹோலில இருந்தாளெண்டால், மாமி தலை. தாய் வீட்டை போய் ஒரு கிழமை நிண்டிட்டு வந்தாள், அங்க தலையிடியே இல்லையாம். எங்கட வீட்டில செருப்பைக் கழட்டின கையோட வந்திட்டுது.

நான் என்ன நினைக்கிறது? நீங்களே சொல்லுங்கோ. கந்தோரில இல்லாத தலையிடி, தாய் வீட்டில இல்லாத தலையிடி, என்ர வீட்டில மட்டும் வந்தால் அதுக்கு என்ன பேர்? நான் பேர் வச்சிட்டன், கள்ளத் தலையிடி எண்டு. கோயிலில ரெண்டு பேருக்குச் சொன்னன். போனில நாலு பேருக்குச் சொன்னன். சிரிச்சுச் சிரிச்சுத்தான் சொன்னன். என்ர மருமகளின்ர தலையிடிக்கு எங்கட வீட்டு விலாசம் மட்டும்தான் தெரியும் எண்டு.

எனக்கும் இடிச்சதுதான். அதையேன் கேக்கிறீங்கள். பின்னேரம் வந்தால் நெத்தி விண் விண் எண்டும். நான் ஆருக்குச் சொன்னன்? தைலத்தைப் பூசிக்கொண்டு தேங்காயைத் திருவினன். எங்கட காலத்தில தலையிடிக்குது எண்டு போய்ப் படுக்க ஆர் விட்டது? அந்த எரிச்சலும் ஒண்டு கிடந்ததாக்கும் எனக்குள்ள. நான் படுக்கேல்லை, இவள் படுக்கிறாள் எண்டு. இவர் மத்தியானம் சாப்பிட்டிட்டுச் சோபாவில சரிஞ்சாரெண்டால் விளக்கு வைக்கிற நேரமும் எழும்பார். வயசு போட்டுது எண்டு விட்டனான். தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் எண்டு சொல்லுவினமெல்லோ. எனக்கு வந்தது பிள்ளை. வந்தும் தெரியேல்லை.

அந்த ஃபயர்பிளேஸின்ர கண்ணாடியை நான் சனிக்கிழமை சனிக்கிழமை பேப்பரால துடைப்பன். கறுப்பாக் கரி வரும். முந்தி அப்பிடி வாறேல்லை. அவள் ஒருநாள் பக்கத்தில வந்து நிண்டு பாத்திட்டுச் சொன்னாள், மாமி, இப்பிடிக் கரி வரக்கூடாதாம், ஆரையும் கூப்பிட்டுக் காட்டுவம் எண்டு. பேந்து போனில ஒரு படம் காட்டினாள். கரண்டில ஓடுறது, காஸே தேவையில்லை, சுவரோட சுவரா இருக்கும், நல்ல வடிவு. இது சரியான பழசு மாமி, இதைக் கழட்டிப்போட்டு அதைப் போடுவம், காசை நான் தாறன் எண்டாள்.

காசை நான் தாறன் எண்டது எனக்குச் சுள்ளெண்டுது. வந்து நாலு மாதமில்லை, என்ர ஹோல் சுவரை உடைக்கக் கேக்கிறாள். நான் சொன்னன், பிள்ளை, இது இருபத்தைஞ்சு வருஷமா எரியுது, உனக்கு முன்னால ஒருத்தருக்கும் தலை இடிக்கேல்லை எண்டு. தீபன் வந்து, அம்மா ஒருக்கா ஆளைக் கூப்பிட்டுப் பாப்பமே எண்டான். பெண்சாதி ஓதி விட்டிட்டாள் எண்டு நினைச்சன். நான் அவளின்ர தாய்க்குப் போன் அடிச்சன். அவள் அந்த மேசையில இருக்கிறாள், அவளுக்குக் கேக்கத்தக்கதாத்தான் கதைச்சன். சம்பந்தி, உங்கட மகள் நல்லா நடிக்கிறா, என்ர சாமித்தட்டோட சேத்து அடுப்பையும் தூக்கி எறியவேணுமாம், அதுக்குத்தான் இந்தத் தலையிடி நாடகம் எண்டு. அந்தப் பிள்ளை கம்பியூட்டரைப் பாத்தபடியே இருந்தது. விரல் மட்டும் ஓடாமல் நிண்டது.

இதைச் சொல்லேக்க எனக்கே வெக்கமாக் கிடக்கு. ஆனால் அப்ப வெக்கம் வரேல்லை, பாருங்கோ. அப்ப நல்லாக் குடுத்திட்டன் எண்டுதான் இருந்தது.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. அப்பிடி ஒரு குளிர் நான் கண்டதில்லை, யன்னல் எல்லாம் உள்பக்கத்தால தண்ணி வடியுது. அவள் முதல்நாள் கடையில ஒரு அலாம் வாங்கிக்கொண்டுவந்து ஹோல் சுவரில கரண்டில குத்தி வச்சிருந்தாள். நான் கண்டும் காணாத மாதிரி விட்டனான். பின்னேரம் நான் குசினியில சாம்பிராணித் தட்டைக் கழுவிக்கொண்டு நிக்கிறன். தணல்கூட இன்னும் போடேல்லை. அது கத்தத் தொடங்கிட்டுது. பாருங்கோ கூத்தை, புகையே இல்லை, கத்துது! வாங்கி ஒருநாளில பழுதாப்போன மலிவுச் சாமான் எண்டு இழுத்துப் பிடுங்கினன். பிடுங்கியும் நிக்கேல்லை, அதுக்குள்ளயும் பற்றறி கிடக்காம். லாச்சிக்குள்ள பழசுக்குப் பக்கத்தில வச்சன். லாச்சிக்குள்ளயும் கத்துது. துவாயால சுத்தி வச்சு மூடினன். புகை இல்லாமல் இது ஏன் கத்துது எண்டு ஒரு நிமிசம் யோசிச்சனானே? யோசிக்கேல்லை. விளக்குக்கு நேரம் போகுது எண்டுதான் யோசிச்சன்.

அவள் மேல படுத்திருந்தவள், சத்தத்துக்கு இறங்கி வந்தாள். சுவரைப் பாத்தாள். லாச்சியைத் திறந்தாள். துவாயை விரிச்சாள். என்னை ஒரு பார்வை பாத்தாள் பிள்ளை. கோவமில்லை. கோவிச்சிருந்தால் நானும் ரெண்டு வார்த்தை சொல்லியிருப்பன். பேந்து போனை எடுத்து நெருப்பணைக்கிற ஆக்களுக்கு அடிச்சாள். மாமாவை எழுப்புங்கோ மாமி, வெளியில வாங்கோ எண்டு கத்தினாள். நான் இவரை உலுப்பினன், இவர் எழும்பேல்லை. வாயால வீணி வடியுது, கண் திறக்கேல்லை. அவள்தான் வந்து இவரின்ர ரெண்டு கையையும் பிடிச்சு இழுத்து, முகத்தில தண்ணி தெளிச்சு, தன்ர தோளில சாத்தி வெளியில கொண்டுபோனவள். அஞ்சரை மாத வயிறு.

வெளியில போனால், றோட்டு முழுக்கச் சனம். ஒரு லொறி இல்லைப் பிள்ளை, மூண்டு சிவப்பு லொறி. லைட் சுத்துது, சத்தம் போடுது. எங்கட றோட்டில பன்ரெண்டு தமிழ் வீடு, பன்ரெண்டு வீட்டு யன்னலிலயும் விடுப்புப் பாக்கினம். நான் வீட்டில போடுற சோட்டியோட, காலில செருப்பில்லாமல், ஸ்னோவில நிக்கிறன். என்ர மருமகளால எனக்கு வந்த வெக்கக்கேட்டைப் பாத்தியளோ முருகா எண்டு அப்பவும் அதைத்தான் நினைச்சன். அவள் தன்ர கோட்டைக் கழட்டி எனக்குப் போட்டுவிட்டாள். சனம் பாக்குது எண்டு போடுறாள் எண்டு நினைச்சன். இந்தக் கோட்டுத்தான். கை எனக்கு நீளம், பாருங்கோ, மடிச்சு விட்டிருக்கிறன்.

அவங்கள் ஒரு மெஷினைக் கையில பிடிச்சுக்கொண்டு சப்பாத்தோட உள்ளுக்குப் போனாங்கள். வெளியில வந்து தீபனுக்குத்தான் சொன்னாங்கள், அவன் அப்பதான் வேலையால ஓடி வந்தவன். அந்த ஃபயர்பிளேஸின்ர புகை வெளியில போகாமல் வீட்டுக்குள்ளயே வருதாம். மணமும் இல்லையாம், நிறமும் இல்லையாம். இன்னும் கொஞ்ச நேரம் கிடந்திருந்தால் அப்பாவை எழுப்பியிருக்க ஏலாதாம். அவன் அதை எனக்குத் தமிழில சொல்லிப்போட்டு அப்பாவிட்டை ஓடினான். காஸைப் பூட்டி, ஒரு சிவப்பு மட்டையை ஃபயர்பிளேஸில கட்டிவிட்டுப் போனாங்கள்.

அவளையும் இவரையும் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனது. இவர் அடுத்தநாளே சோறு கேட்டார், அவருக்கு ஒண்டுமில்லை. அவளின்ர வயித்தில இருக்கிறதுக்கு என்ன எண்டு சொல்ல ஏலாதாம், பிறந்தால்தான் தெரியுமாம். தாய் கார் கொண்டுவந்தா. அவள் உடுப்பு எடுக்க வீட்டுக்குள்ள வந்தாள். வெளிக்கிடேக்க கதவடியில நிண்டு சொன்னாள், மாமி, நான் பொய் சொல்லேல்லை. அவ்வளவுதான் சொன்னாள்.

நான் என்ன சொன்னன் தெரியுமோ? சாம்பிராணித் தட்டை அவங்கள் சப்பாத்துக்காலால மிரிச்சுப்போட்டாங்கள் எண்டு சொன்னன். வாயில வந்தது அதுதான்.

அதோட தாய் வீட்டை போனவள்தான். தீபனும் அவளோட போட்டான். நாலு மாதம், அந்தப் பிள்ளை ஒவ்வொரு ஸ்கானுக்கும் அழுதழுது போனதாம். மூளைக்கு ஏதும் நடந்திருக்குமோ, கண்ணுக்கு ஏதும் நடந்திருக்குமோ எண்டு. தாய்தான் கோயிலில கண்டு சொன்னவ. சொல்லிப்போட்டு விபூதி எடுக்காமல் போனவ. வைகாசியில பிறந்தது, பெம்பிளைப் பிள்ளை, ஒரு குறையும் இல்லை, என்ர முருகன் காப்பாத்தினான். ஆதிரை எண்டு பேர். ஆசுபத்திரியில ஒருக்காப் பாத்தன், முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்கு ஒருக்காப் பாத்தன். கால்மணித்தியாலம் வச்சிருக்கக் குடுத்தினம். ஆரோ ஒரு மனுசி, நேரம் போட்டுது, பிள்ளைக்குப் பசி எண்டு வாங்கிக்கொண்டு போட்டுது. மிதுனா என்னோட கோவமாக் கதைக்கேல்லை. வாங்கோ, இருங்கோ, குடியுங்கோ எண்டாள். வீட்டுக்கு வாற ஆக்களுக்குச் சொல்லுற மாதிரி.

பேந்து நான் நினைச்சன், இதெல்லாம் அந்தக் கோதாரி ஃபயர்பிளேஸாலதானே, அதைக் கழட்டிப்போட்டால் சரி எண்டு. இந்த ஐப்பசியில ஆளைப் பிடிச்சன், ஒரு இத்தாலிக்கார மனுசன். அவள் அண்டைக்குப் போனில காட்டினாளே, அதே சாமானைத் தேடி நாலு கடை ஏறி இறங்கினனாங்கள். கடைக்காரப் பெடியன் அதைவிட நல்லது இருக்கு அன்ரி எண்டு வேறொண்டைக் காட்டினான். வேண்டாம் ராசா, எனக்கு இதுதான் வேணும் எண்டன்.

சாமித்தட்டை எடுத்து மேல அறையில வச்சன். அந்த மனுசன் பித்தளைச் சட்டத்தைக் கழட்டி, கல்லுகளைத் தூக்கி, பின்னால இருந்த குழாயை இழுத்து எடுத்தான். புகை வெளியில போற குழாய். என்னைக் கூப்பிட்டு, போன் லைட்டை அதுக்குள்ள பிடிச்சுக் காட்டினான். கறள் பிடிச்சு இடியப்ப உரல் மாதிரி ஓட்டை ஓட்டையாக் கிடந்தது. அந்த ஓட்டைக்கு நேர முன்னாலதான் பிள்ளை அவளின்ர மேசை. எத்தினை வருஷம் இதோட இருந்தனீங்கள் எண்டு கேட்டான். எனக்கு இங்கிலீஷ் தெரியும், கேட்டது விளங்கினது. இருமல் வந்த மாதிரிச் சாட்டுச் சொல்லிக்கொண்டு குசினிக்குள்ள போட்டன்.

மெய்யைச் சொன்னால், அது வரைக்கும் நான் நம்பேல்லை. நெருப்பணைக்க வந்தவங்கள் சொன்னதையும் நம்பேல்லை. வெள்ளைக்காரன் எதுக்கும் பயப்பிடுவான், சின்னதைப் பெரிசாக்குவான் எண்டுதான் மனசுக்குள்ள கிடந்தது. பத்து மாதமா! அந்த ஓட்டையைக் கண்டாப்பிறகுதான் எனக்கு அவள் அந்த மேசையில நெத்தியைப் பிடிச்சுக்கொண்டு இருந்தது கண்ணுக்குள்ள வந்தது. நீங்கள் இப்ப இருந்தமாதிரித்தான் இருப்பாள். ரெண்டு கையாலயும்.

புதுசு நல்ல வடிவு. சூடும் வருது. றிமோட்டை அமத்தினால் நீலம், ஊதா, பச்சை எண்டு நிறம் மாறும். இவர் சோபாவில இருந்துகொண்டு ஒரே அமத்திறார், கோயில் திருவிழா மாதிரிக் கிடக்கு ஹோல். அலாம் நாலு வாங்கிப் பூட்டியிருக்கிறன், ஒண்டும் கழட்டுறேல்லை. சாம்பிராணி காட்டுறதெண்டால் வெளியில போய்த்தான், கோட்டையும் போட்டுக்கொண்டு. எல்லாத்தையும் வீடியோ எடுத்து அவளுக்கு அனுப்பினன். நீ சொன்ன அதேதான் போட்டிருக்கிறன், இனிப் பிள்ளையைக் கொண்டு வரலாம் எண்டு எழுதினன். பெருவிரல் ஒண்டு வந்தது. தெரியுமெல்லோ, போனில அனுப்புற மஞ்சள் பெருவிரல். பத்து மாதத்துக்கு ஒரு பெருவிரல்.

எனக்கு வந்த விசருக்குத் தீபனுக்கு அடிச்சன். இனி என்னடா செய்யவேணும் உன்ர பெண்சாதிக்கு, சுவரை உடைச்சாச்சு, காசைக் கொட்டியாச்சு, வேறென்ன, வீட்டையும் இடிக்கவோ எண்டு கத்தினன். அவன் கத்தேல்லை. அம்மா, அவள் ஃபயர்பிளேஸ் கேட்டுக்கொண்டு நிக்கேல்லை எண்டான். நீங்கள் அவளைப் பொய்க்காரி எண்டு ஊர் முழுக்கச் சொன்னனீங்கள், அவளுக்கு முன்னால அவளின்ர அம்மாவுக்குச் சொன்னனீங்கள். அதை ஒருநாளும் நீங்கள் திருப்பி எடுக்கேல்லை. எங்களுக்கு ஒரு பிள்ளை இருக்கம்மா. நாளைக்கு அது உங்கட வீட்டில நிண்டு ஏதும் நோகுது எண்டு சொன்னால் நீங்கள் நம்புவியளோ எண்டு அவளுக்குப் பயம். அப்பிடிச் சொன்னான். என்ர பிள்ளை எனக்குச் சொன்னான்.

போனை வச்சிட்டு நான் அந்தப் புது நெருப்புக்கு முன்னால போய் இருந்தன். அழுதன்தான். என்னத்துக்கு மறைக்கிறது.

இந்தப் பைக்குள்ள என்ன தெரியுமோ? பல்லுக்கொழுக்கட்டை. போன கிழமை தீபன் படம் அனுப்பினவன், ஆதிரைக்குக் கீழ்ப்பல் ஒண்டு முளைச்சிட்டுது, அரிசி மாதிரி. உங்களுக்குத் தெரியும்தானே, முதல் பல்லுக்குக் கொழுக்கட்டை அவிச்சுப் பிள்ளையின்ர தலையில கொட்டவேணும். தேங்காய்த் துண்டைப் பல்லு மாதிரி வெட்டிக் குத்தி வச்சிருக்கிறன். ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை. அங்க தாய்க்காரி அவிச்சிருப்பா, கொட்டியும் இருப்பினம். எண்டாலும் அப்பம்மாக்காரி நான் சும்மா இருக்கிறதோ?

இது மூண்டாம் நாள் பிள்ளை. திங்கட்கிழமை அவிச்சுக்கொண்டு இதே பஸ்ஸில வந்தன். ஸ்டொப் வந்தது, எழும்ப மனம் வரேல்லை. கடைசி ஸ்டொப் வரைக்கும் போய், அதே பஸ்ஸில திரும்பி வந்தன். நேற்றும் அப்பிடித்தான். இண்டைக்கும் விடிய எழும்பி மா குழைச்சன். இவர் மூண்டு நாளாப் பல்லுக்கொழுக்கட்டை தின்னுறார், அவருக்குப் பல்லே இல்லை. நீங்களும் வாங்கோவன், துணைக்கு வாங்கோவன் எண்டு கேட்டன். நான் ஆரையும் பொய்க்காரி எண்டு சொல்லேல்லை, நீயே போ எண்டிட்டார். நித்திரை கொண்ட மனுசனுக்கு வந்த வாயைப் பாருங்கோ.

களைச்சுப்போனன் பிள்ளை. சொல்லவேண்டியது ரெண்டு வசனம். அதுக்கு என்ர வயசில மூண்டு நாள் பஸ்ஸில அங்கயும் இஞ்சையும் போய்வாறன். எங்கட பக்கத்தில மாமி மருமகளிட்டை அப்பிடிச் சொன்னதா ஒரு கதை நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீங்களோ? என்ர மாமி எனக்குச் சொன்னவவோ? பழகேல்லைப் பிள்ளை. வாய்க்குப் பழக்கமில்லாத சொல்லு. உங்களுக்கு இவ்வளவும் கொட்டிப்போட்டன். ஒரு சொல்லும் தொண்டைக்குள்ள நிக்கேல்லை, பாருங்கோ. உங்களுக்குத் தலையிடி எண்டவுடன நான் ஒரு கேள்வியும் இல்லாமல் நம்பினன். ஆரெண்டே தெரியாத பிள்ளையை.

அந்தா, கோயில் தெரியுது. வழமையா இதில கும்பிட்டுப்போட்டு அப்பிடியே இருந்திடுவன்.

ரெண்டு ஸ்டொப்பும் கடந்திட்டுது, அடுத்தது என்ரதான். நீங்கள் ஏன் எழும்புறீங்கள்? உங்கட இடம் இன்னும் வரேல்லை. பிள்ளை, என்ன செய்யிறீங்கள்? ஐயோ, பெல்லை அமத்திப்போட்டியளே! நான் கதைக்குச் சொன்னனான், நான் இறங்கிறனெண்டு சொன்னனானே? இனி அந்த மனுசன் பஸ்ஸை நிப்பாட்டப் போறான். எல்லாரும் பாக்கினம்.

சரி, சரி. பையைப் பிடியுங்கோ, எழும்புறன். முழங்கால் பிடிச்சிட்டுது. கோட்டை ஒருக்கா இழுத்து விடுங்கோ, திருப்பிக் குடுக்கிற கோட்டுக் கசங்கிக் கிடக்கக்கூடாது.

எனக்கு என்னைத் தெரியும் பிள்ளை. அவள் கதவைத் திறப்பாள், நான் கொழுக்கட்டை ஆறமுதல் சாப்பிடுங்கோ எண்டு தொடங்கிடுவன், பேந்து பல்லைப் பற்றிக் கதைப்பன், குளிரைப் பற்றிக் கதைப்பன். வாசலில வச்சே சொல்லவேணும். செருப்பைக் கழட்ட முன்னம் சொல்லவேணும். கேளுங்கோ, இது சரியோ எண்டு சொல்லுங்கோ. மிதுனா, உனக்குத் தலை இடிச்சது மெய். பொய் சொல்லித் திரிஞ்சது நான்.

காணுமோ? இன்னும் ஏதும் சேக்கவேணுமோ?

ஓம் றைவர், இறங்குறன். கதவைப் பூட்டாதேங்கோ, கிழவி இறங்குறன்.